நான் இரண்டாவதாக எடுத்த அட்டை

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் நான் வெட்டிய கானில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அது வேறு யாரோ வெட்டிய கான். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். என் மனைவி வேண்டாம் என்றாள். சாட்சி எழுதுகிறவன் ஆண்டவரில் ஆரம்பிக்க வேண்டும், கானில் ஆரம்பிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஆனால் ஆண்டவர் என்னைப் பிடித்து நிறுத்திய இடமே கான்தான். அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

கான் என்றால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் தண்ணீர் வடிய வெட்டுகிற வாய்க்கால். எங்கள் பக்கத்தில் நிறைய இடங்களில் கறுப்பு மண்தான். அதை மண் என்று சொல்வதே ஒரு மரியாதைக்கு. மக்கிப்போன காடு அது. மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அன்னாசி நன்றாக வரும். செம்பனை மரமோ வேர் பிடிக்காமல், குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த மண்ணில் கரை சரியாமல் கான் வெட்டுவது லேசான வேலை இல்லை. பதினாலு வயதில் மண்வெட்டியை எடுத்தேன். இன்றைக்கு என்னிடம் மண் தோண்டும் மெஷின் இரண்டு இருக்கிறது. இடையில் யாரும் என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இந்த மார்ச் மாதம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிப்பு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நீளமான சொல் வந்தால் நடுவில் கொஞ்சம் இளைப்பாறிக்கொள்வேன். இதைக்கூட நான் கையால் எழுதவில்லை. கைப்பேசியிடம் சொல்கிறேன், அது எழுதுகிறது, மனைவி பிழை திருத்துகிறாள். நான் பெருமையடிக்கிற இடங்களையும் சேர்த்துத் திருத்திவிட அவளுக்கு ஆசை. அதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சபை சின்னது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மைக்கு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் காய்ச்சல் போனதற்கும் பிள்ளை பரீட்சையில் தேறியதற்கும் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் எழுந்தால் பாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைப்பார். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், தங்கமான மனுஷன். என் சாட்சி நீண்டுகொண்டே போனால் கீபோர்டு வாசிக்கிறவருக்குக் கண்ணைக் காட்டுவார். அவர் மெதுவாக வாசிக்க ஆரம்பிப்பார். அது என்னை உட்காரச் சொல்லும் மணி. நான் அதைப் பின்னணி இசை என்று எடுத்துக்கொண்டு இன்னும் உருக்கமாகப் பேசுவேன்.

என்ன பேசுவேன்? இடி விழுந்த மரத்தடியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு முன்னால் எழுந்து போன கதை. கையில் முடி சிலிர்த்ததை வைத்தே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வேன். குடியை ஒரே நாளில் விட்ட கதை. அது என் மனவுறுதி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சேர்த்துக்கொள்வேன், கடிதத்தின் அடியில் 'இப்படிக்கு' போடுகிற மாதிரி. வீட்டுக்கு வரும் வழியில் காரில் மனைவி சொல்வாள், "நீங்க பேசுனத ஆண்டவர் கேட்டிருந்தா, அவரே உங்ககிட்ட வேலைக்கு மனு போட்டிருப்பாரு."

புத்தாண்டு காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சபையில் எத்தனை பேரோ அத்தனை அட்டை. ஜெபம் பண்ணிவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் உனக்குக் கொடுத்த வாக்கு.

இந்த வருஷம் நான் எடுத்ததை மெல்லக் கூட்டிப் படித்தேன். செங்கடல் ஓரத்து வசனம். முன்னால் தண்ணீர், பின்னால் பார்வோனுடைய படை, ஜனங்கள் அலறுகிறார்கள். அப்போது மோசே சொன்னது. பயப்படாதீர்கள், சண்டையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று அர்த்தம் வரும்.

எனக்குச் சுருக்கென்றது. நோய் தீரும் என்று வந்திருந்தால் சரி, எதிரி விழுவான் என்று வந்திருந்தாலும் சரி. போயும் போயும் சும்மா இரு என்றா? அறுபத்தேழு வயதிலும் விடிவதற்கு முன்னால் எழுந்து மெஷினுக்கு எண்ணெய் பார்க்கிறவனிடமா? என் மனைவி அட்டையை வாங்கிப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, "ஆண்டவருக்கு உங்கள நல்லாவே தெரிஞ்சிருக்கு," என்றாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் மீஹூன் கோரெங் என்கிற அரிசிச் சேமியாவும் தேத்தண்ணியும் சாப்பிட வெளியே போய்விட்டார்கள். தட்டில் பிந்தி வருகிறவர்களுக்காக மூன்று நான்கு அட்டை கிடந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். செய்தது சரியில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ஏதோ கை தவறி வேறு ஆளுடைய அட்டை எனக்கு வந்துவிட்டது, என்னுடையது இன்னும் தட்டில்தான் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். ஒன்றை எடுத்தேன். நீ கை வைக்கிற வேலையெல்லாம் ஆசீர்வாதமாகும் என்று அதில் போட்டிருந்தது. பார், இதுதான் என் அட்டை என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினால், மனைவி கையில் மீஹூன் தட்டோடு வாசலில் நிற்கிறாள்.

"இது என்ன நாலு நம்பர் லாட்டரிச் சீட்டா," என்று கேட்டாள், "விழலேன்னா இன்னொன்னு எடுக்க?"

முதல் அட்டையை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் ஐஸ்பெட்டிக் கதவில், அன்னாசிப் பழம் மாதிரி ஒரு காந்தத்தை வைத்து ஒட்டினாள். நான் ஒவ்வொரு தடவை தண்ணீர் எடுக்கப் போகும்போதும் அது என்னைப் பார்க்கும். இரண்டாவது அட்டையை நான் பிளாஸ்டிக் உறை போட்டு மெஷின் கண்ணாடியில் ஒட்டினேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், பெரியப்பா மாதிரி ஒரு மரியாதை. அன்னாசித் தோட்டத்தை மகன்களிடம் விட்டுவிட்டார். சாயங்காலம் ஆனால் கான் ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தூண்டிலைப் போட்டுவிட்டு அசையாமல் இருப்பார். மீன் மாட்டி நான் பார்த்ததே இல்லை. மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வண்டியை மெதுவாக்கி, பாக்சிக், இன்னைக்கு எத்தனை டன் என்று கேட்பேன். "பெலும்," என்பார். இன்னும் இல்லை என்று அர்த்தம். பல்லைக் காட்டிச் சிரிப்பார். இப்படி ஒரு சோம்பேறியை ஆண்டவர் எதற்குப் படைத்தார் என்று நினைத்துக்கொண்டே போவேன். அதற்குப் பதில் மார்ச் மாதத்தில் கிடைத்தது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ஒரு தோட்டத்தின் ஓரமாக நான் வெட்டிக்கொண்டிருந்த பெரிய கானில் கடைசித் துண்டு பாக்கி. மெஷின் அங்கேயே நின்றது. நான் மட்டும் போனேன். மரங்களில் பழக் குலை வெட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்த சுற்றுக்குப் பத்து நாளாவது ஆகும், அதுவரை அந்தப் பக்கம் தோட்டத்து ஆட்கள் யாரும் வரமாட்டார்கள். மெஷின் கதவைத் திறந்தேன். கைப்பேசியை இருக்கையில் வைத்தேன். உள்ளே ஈரத்தில் ஒட்டு விட்டிருந்தது போல; ஒரு காற்று அடித்தது, அட்டை கண்ணாடியிலிருந்து கழன்று என் காதோரமாகப் பறந்துபோய்க் கான் விளிம்பில் உட்கார்ந்தது.

என் ஆட்களுக்கு நான் சொல்கிற முதல் பாடம், கறுப்பு மண்ணில் புதிதாக வெட்டிய கரையின் விளிம்பில் கால் வைக்காதே என்பது. வைத்த ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் இரண்டு எட்டு வைத்தேன். குனிந்தேன். அட்டை கையில் வந்தது, கரை காலடியில் போனது.

விழுந்ததில் அடி ஒன்றுமில்லை. மெத்தையில் விழுந்த மாதிரிதான். தண்ணீர் இடுப்பளவு, அதற்குக் கீழே களி. எழுந்து நின்று சட்டையை உதறிக்கொண்டு ஏறப் பார்த்தேன். கால் வரவில்லை. இன்னொரு காலை ஊன்றி இழுத்தேன். இரண்டும் முழங்கால் வரை போய்விட்டது. கரையைப் பிடித்தேன். பிடித்ததெல்லாம் கையோடு பிய்ந்து வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு விரல் கீழே போய்க்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மூன்று அடி உயரத்துக்குக் கரை நின்றது, சுவர் மாதிரி நேராக. இப்படி நேராக வெட்ட என்னை விட்டால் ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய சங்கதி வானத்தில் இருந்தது. மேட்டில் இருக்கிற மாச்சாப் ஊர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் மழை பிடித்தால் இந்தக் கானில் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படி வரும் என்று கணக்குப் போட்டு வெட்டினவனே நான்தான்.

கத்தினேன். தொண்டை கட்டினதுதான் மிச்சம். மனைவி தினமும் பதினோரு மணிக்குப் போன் பண்ணி, இனிப்பு நீர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். நான் எடுக்காவிட்டால் விடாமல் அடித்து, கடைசியில் ஊரையே கூட்டிவிடுவாள். அதை நம்பி நின்றேன். பதினோரு மணி ஆகியிருக்க வேண்டும், வெயில் அப்படித்தான் சொன்னது. போன் அடிக்கவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் அவளிடம் கத்தியிருந்தேன், வேலை நேரத்தில் போன் பண்ணாதே, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று. முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என் சொல்லைக் கேட்ட ஒரே நாள் அதுதான்.

சரி, ஆண்டவரிடம் பேசுவோம் என்று கண்ணை மூடினேன். ஆண்டவரே, பக்கத்துத் தோட்டத்து லோரியை இந்தப் பக்கம் அனுப்பும். முன் ரோட்டில் வேண்டாம், அங்கே பாலம் உடைந்து கிடக்கிறது, அன்னாசித் தோட்டத்தைச் சுற்றிப் பின் வழியாக வரச் சொல்லும். கயிறு நீளமாக இருக்கட்டும். ஓட்டுகிறவன் அனுபவசாலியாக இருக்கட்டும், போன மாதம் வந்தவனை அனுப்பிவிடாதேயும். ஆமென் சொல்லிவிட்டு லோரி சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். வரவில்லை. வேறு திட்டம் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது திட்டம் சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை காலை உதைத்தேன். தண்ணீர் வயிற்றுக்கு மேலே ஏறியது. தண்ணீர் ஏறவில்லை, நான்தான் இறங்கியிருந்தேன்.

அப்போதுதான் கையில் இருந்த அட்டையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துளி ஈரம் இல்லாமல், கை வைக்கிற வேலையெல்லாம் ஆசீர்வாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கை வைக்க அங்கே ஒன்றுமே இல்லை. வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிற மற்ற அட்டை ஞாபகத்துக்கு வந்தது. அதைத்தான் ஆண்டவர் என் கையில் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் மாற்றுகிற மாதிரி.

சும்மா நின்றேன். வேறு வழி இல்லாமல்தான், பக்தியால் இல்லை.

சும்மா நின்றால் என்ன நடக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நினைக்க நேரம் கிடைக்கிறது. அந்த இடி விழுந்த மரம் ஞாபகம் வந்தது. கையில் முடி சிலிர்த்தது என்று இத்தனை வருஷம் சொன்னேனே, அப்படி ஒன்றும் சிலிர்க்கவில்லை. ரோட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, சோறு ஆறிப்போகுது வர்றீங்களா இல்லையா என்று ஒருத்தி கத்தினாள். கல்யாணமாகி நாலு மாதம் ஆன என் மனைவி. சண்டை வேண்டாமே என்று எழுந்து போனேன், மரம் பிளந்தது. குடியை விட்டதும் ஒரே நாளில் இல்லை. சபையிலிருந்து ஒருவர் சாயங்காலம் தவறாமல் வந்து, நான் குடிக்கிற கடையில் என் எதிரில் உட்கார்ந்து, வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. அவருக்கு வெட்கப்பட்டு நான் நிறுத்தினேன். அவர் இறந்தபோது அவருக்கு நான் ஒரு நன்றி சொல்லவில்லை. ஆண்டவருக்கும் சொல்லவில்லை. மனவுறுதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கைகொடுத்துத் தூக்கிவிட யாரும் இல்லை என்று சொன்னவனுக்கு எத்தனை கைகள் இருந்திருக்கின்றன. அந்த நேரத்தில் நான் எதையும் கேட்கவில்லை. லோரி வேண்டாம், கயிறு வேண்டாம். அன்றைக்கு அந்த மரத்தடியிலிருந்து எழுப்பினதற்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன். அந்தத் தேத்தண்ணிக்கு ஸ்தோத்திரம். இனி நீர் பார்த்துக்கொள்ளும். வாய் விட்டுச் சொன்னேன். பின்னணி இசை இல்லாமல் நான் சொன்ன முதல் சாட்சி அதுதான்.

முதல் துளி என் மண்டையில் விழுந்தது. கான் தண்ணீர் கலங்கி, மேலிருந்து சருகும் நுரையுமாக வர ஆரம்பித்தது. நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்போது மேலே மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம். கரையில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பாக்சிக். கையில் தூண்டிலும் வாளியும். சாயங்காலம் வருகிறவர், தண்ணீர் கலங்கினால் மீன் கடிக்கும் என்று மழை இருட்டைப் பார்த்து முன்னாலேயே வந்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அனே," என்றார், தமிழ் ஆட்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஆப்பா புவாட்?" அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

இதற்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனைவி விடவில்லை. "பெரிக்சா பாரிட்," என்றேன். கானைச் சரிபார்க்கிறேன் என்று.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். நான் பெரிய காண்ட்ராக்டர், எனக்குத் தெரியாததா. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டின்னைத் திறந்து ஒரு குட்டித் தவளையை எடுத்து நிதானமாக முள்ளில் மாட்டினார். தூண்டிலை எனக்கு நாலு முழம் தள்ளிப் போட்டார். மிதவை மிதந்து வந்து என் தோளைத் தொட்டது.

தண்ணீர் அக்குளுக்கு வந்திருந்தது. உதவி கேட்க இன்னும் வாய் திறக்கவில்லை நான். எங்கள் சபையில் செம்பனை வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கான் வெட்டுகிறேன். தான் வெட்டின கானிலேயே விழுந்தான் என்ற பேச்சு ஊரில் கிளம்பினால் அப்புறம் என் பேர் என்ன ஆகிறது? உயிர் போகிற நேரத்தில் மனுஷன் இதையா யோசிப்பான் என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"பாக்சிக்," என்றேன். "தோலோங்."

உதவி என்று அர்த்தம். வேலை ஏவும்போது, தோலோங் அதை எடு, தோலோங் இதைத் தூக்கு என்று மரியாதைக்கு ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். எனக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாக்சிக் பதறவில்லை. முதலில் தூண்டிலைச் சுற்றினார். தவளையைக் கழற்றி டின்னில் போட்டார். அப்புறம் எழுந்தார். காய்ந்த செம்பனை மட்டைகளை இழுத்து வந்து கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்தார். மோட்டார் சைக்கிளில் இருந்த கயிற்றை மரத்தில் கட்டி, மறு முனையை என் கக்கத்துக்கு அடியில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். கயிறு கைக்கு வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மட்டை நழுவியது, நான் மோவாய் வரை போனேன்.

அவர் மட்டை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார். மழை அவர் மூக்கு நுனியிலிருந்து என் நெற்றியில் சொட்டியது.

"சாயா புவாட்," என்றார். "அனே டியாம்." நான் செய்கிறேன், நீ சும்மா இரு.

மலாய்தான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சும்மா இருந்தேன். இந்தத் தடவை வேறு வழி இல்லாமல் இல்லை. அவர் தூண்டில் மூங்கிலை என் காலை ஒட்டிக் களிக்குள் விட்டு ஆட்டினார். களிக்கும் காலுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கியது. என்னை மல்லாக்கச் சாயச் சொன்னார், சாய்ந்தேன். ஒரு கால் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு காலும் வந்தது. பூட்ஸ் ஒன்று வரவில்லை, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மட்டை மேல் நான் மீன் மாதிரி கிடக்க, அவர் கரையில் உட்கார்ந்து பிடி பிடியாகக் கயிற்றை இழுத்தார். அவர் பிடித்து நான் பார்த்த முதல் மீன்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். மனைவி வெளியே வந்து பார்த்தாள். அழவில்லை. பின்பக்கம் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தலையிலிருந்து கால் வரை பீய்ச்சினாள். கறுப்புத் தண்ணீராக ஓடியது. அப்புறம் என் மூடிய கையை விரித்துப் பார்த்தாள். அட்டை இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, பால் எடுக்கிற சாக்கில் ஐஸ்பெட்டிக் கதவை என் பக்கம் திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஐஸ்பெட்டி கத்த ஆரம்பிக்கும் வரை மூடவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பாக்சிக்கைப் பார்க்கப் போனோம். கான் ஓரத்தில்தான் இருந்தார். நன்றி சொன்னேன். இதில் என்ன இருக்கிறது என்று இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு தூண்டிலை என் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. இதைத் தினமும் செய்கிற ஆளைச் சோம்பேறி என்று சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது. எழுந்திருக்கும்போது அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், அனே, எத்தனை டன்?

"பெலும்," என்றேன்.

அன்று சாயங்காலம் குளியலறையில் மறுநாள் சாட்சியைச் சொல்லிப் பார்த்தேன். பழக்கதோஷம் போகுமா? வேலை பார்க்கும்போது கரை சரிந்தது என்றும், ஆண்டவர் கொடுத்த ஞானத்தால் அசையாமல் நின்று மெல்ல மெல்ல மேலே வந்தேன் என்றும் அழகாக வந்தது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அப்ப பாக்சிக் அங்க மீன் பிடிக்க மட்டும்தான் வந்தாரா?"

குழாயைத் திறந்துவிட்டுக் காது கேட்காத மாதிரி இருந்தேன். ஆனால் அன்று படுக்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. கானில் கேட்ட உதவியைச் சபையில் மறைத்தால், நான் இன்னும் அந்தக் களியில்தான் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். பாஸ்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். சபையில் இரண்டு மூன்று பேர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் வெட்டின கானில் நானே விழுந்தேன் என்றேன். எடுக்கக் கூடாத அட்டையை எடுக்கப் போய் விழுந்தேன். புத்தாண்டு அன்றைக்கு ஆண்டவர் கொடுத்த அட்டை பிடிக்காமல், யாருக்கும் தெரியாமல் இன்னொன்றை எடுத்தேன். பயந்தேன். உதவி கேட்க வெட்கப்பட்டேன். ஒரு பெரியவர் மூலமாக ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டார். இதற்கு முன்னாலும் ஒவ்வொரு தடவையும் அவர்தான் யாரையாவது அனுப்பித் தூக்கிவிட்டிருக்கிறார், நான்தான் உங்களிடம் மாற்றிச் சொன்னேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்த பிறகுதான் கீபோர்டுக்காரருக்கு முழிப்பு வந்து வாசிக்க ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், சளி பிடித்தவள் மாதிரி.

ஆராதனை முடிந்ததும் அட்டையைப் பாஸ்டரிடம் கொடுத்தேன். இது யாருடையதோ, தட்டில் திரும்ப வைத்துவிடுங்கள் என்றேன். அவர் உறையின் மேலிருந்த கறுப்புக் களியைத் துடைத்துப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அங்கிள், அன்னைக்கு எல்லாரும் எடுத்து முடிச்ச பிறகுதான் நான் போனேன். தட்டுல ஒன்னும் இல்ல. நீ எண்ணுனது தப்புன்னு என் வீட்டுக்காரம்மாவ வேற பேசிட்டேன்."

மன்னிச்சிருங்க பாஸ்டர் என்றேன்.

"மூணு மாசமா சபைக் கூரை வேலை இழுத்துக்கிட்டே போகுதேன்னு பார்த்தேன்," என்றார் அவர். "என் ஆசீர்வாதம் உங்க மெஷின் கண்ணாடியிலதானே இருந்திருக்கு." சிரித்துக்கொண்டே அட்டையை வேதாகமத்துக்குள் வைத்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் அங்கிள், நீங்களும் கூட வாருங்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போனேன். அது கானைவிட ஆழமான இடம்.

ஊரில் பேச்சு கிளம்பத்தான் செய்தது. கான் வெட்டக் கூப்பிடுகிறவர்கள், ஆழம் பார்க்க இறங்குவீங்களா அண்ணே என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வேலையையும் கொடுக்கிறார்கள். பேர் போய்விடும் என்று நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கானில் அன்றைய மழைத் தண்ணீர் மறுநாள் காலைக்குள் சொட்டு இல்லாமல் வடிந்துவிட்டது. இந்த வரியை மனைவி இரண்டு தடவை அழித்தாள். நான் இரண்டு தடவையும் திரும்பப் போட்டேன்.

பாஸ்டர் அட்டை பாஸ்டரிடம் போய்விட்டதால், முதல் அட்டையை மெஷினில் ஒட்டலாம் என்று ஐஸ்பெட்டிக் கதவில் கை வைத்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க வேணாம்னு விட்டது. நான் எடுத்து வச்சேன். இப்ப அது என்னோடது."

உனக்குத்தான் தனியாக ஒரு அட்டை இருக்கிறதே என்றேன். அதுவும் என்னோடதுதான் என்றாள். ஆக, இந்த வருஷம் சபையிலேயே கையில் அட்டை இல்லாத ஆள் நான்தான். வேண்டுமென்றால் வீட்டில் வந்து, தண்ணீர் எடுக்கும்போது படித்துக்கொள்ள வேண்டும். படிக்கிறேன். இப்போதெல்லாம் அந்த வரியை நடுவில் இளைப்பாறாமல் ஒரே மூச்சில் படிக்க வருகிறது.

பதினோரு மணிக்குப் போன் அடிக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு எடுக்கிறேன். மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறாள். போட்டாச்சு என்கிறேன். எங்க நிக்கிறீங்க என்கிறாள். கரையிலிருந்து நாலு அடி தள்ளி நிற்கிறேன் என்கிறேன். இன்னும் ரெண்டு அடி தள்ளி நில்லுங்க என்கிறாள். எதற்கு, நல்லாத்தான் வெட்டியிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இரண்டு அடி தள்ளி நிற்கிறேன்.